சுவர் சொன்ன செய்தி

மழைக்குப் பேர்போன ஊர் தைப்பிங். தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. மாலையில் மழை வருமா, வராதா என்று அவ்வூர் மக்கள் பந்தயம் கட்டி விளையாடிய காலம் ஒன்று இருந்ததாக முதியோர் சொல்லக் கேட்கலாம். அந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி நிற்கிறது. முன்னால் சிறிய திடல். பின்னால் செம்பனை மரங்கள். பக்கவாட்டில் கிளை பரப்பிய ஒரு பெரிய மரம். அதன் நிழல் விழும் மூலையில்தான் பள்ளியின் நூல்நிலையம் இருந்தது.

அப்பள்ளியில் பல்லாண்டுகளாகப் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் அந்த நூல்நிலையத்திற்கும் பொறுப்பாளர். தமிழும் அறிவியலும் கற்பிப்பவர். பள்ளி ஆண்டுவிழாவில் கிடைத்த நன்கொடையிலும் பெற்றோர் தந்த சிறு தொகைகளிலும் நூல்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிற்கும் எண்ணிட்டு அடுக்கியவர் அவரே. அந்த அறையில் நுழைந்ததும் மூக்கில் ஏறும் ஒருவித மக்கிய மணத்தை, பழைய நூல்களின் மணம் என்று அவர் நெடுங்காலம் எண்ணியிருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமிதமும் இருந்தது. புத்தகம் பழையது என்றால் மணம் இருக்கத்தானே செய்யும்!

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இடையில் சிலகாலம் திறந்து, மறுபடியும் மூடி, 2021 அக்டோபரில்தான் அவை படிப்படியாக நிலையாகத் திறக்கத் தொடங்கின. அறைகள் பூட்டியே கிடந்த அந்தத் திங்கள்களில் நாடெங்கும் பூஞ்சணம் தன் ஆட்சியைப் பரப்பியிருந்தது. மூடிக் கிடந்த பேரங்காடி ஒன்றில் தோல் பைகளும் காலணிகளும் வெண்பஞ்சு போர்த்தியது போல் பூத்துக் கிடந்த படங்களை 2020-இல் மலேசியர் பலர் கண்டு வியந்தனர். அதே காட்சிதான் இந்த நூல்நிலையத்திலும் காத்திருந்தது. வெளிச்சுவரில் கரும்பச்சைத் திட்டுகள். உட்சுவரில் சாம்பல் நிறப் புள்ளிகள். கீழ்த்தட்டு நூல்களின் முதுகில் வெண்மையான மெல்லிய மயிர்க்கால்கள்.

மாணவர் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆசிரியர் சிலரைத் துணைக்கு அழைத்தார். துடைப்பத்தால் சுவரை நன்றாகத் தேய்த்தார்கள். நூல்களைத் தட்டித் துடைத்தார்கள். மறுநாளே இளநீல வண்ணம் பூசினார்கள். அறை புதுமணப்பெண்ணைப் போல் பொலிந்தது. தலைமையாசிரியை வந்து பார்த்துப் பாராட்டினார். ஆனால், நான்கு திங்கள் கழிந்ததும் இளநீலத்தின் மேல் அதே இடத்தில், அதே வடிவில், அதே கறை எழுந்தது. பழைய கையெழுத்தை யாரோ மீண்டும் எழுதிச் சென்றது போலிருந்தது.

அதே அறையில் செவ்வாய்க்கிழமைதோறும் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வாசிப்பு வேளை நடந்தது. அவர்களுள் ஒரு சிறுவன், மற்றப் பாடங்களில் கலகலப்பானவன், நூல்நிலையத்தில் மட்டும் முகம் வாடினான். தும்மினான். கண்ணைக் கசக்கினான். தண்ணீர் குடித்து வரட்டுமா, கழிப்பறைக்குப் போய் வரட்டுமா என்று ஓயாமல் கேட்டான். நூலைத் திறந்ததும் இருமல் வந்தது. வாசிப்பிலிருந்து தப்பிக்க அவன் நடிக்கிறான் என்று ஆசிரியர் முடிவு செய்தார். இரண்டொரு முறை கடிந்துகொண்டார். 2022-ஆம் ஆண்டின் தேர்ச்சி அறிக்கையில் அவன் பெயருக்கு நேரே, “வாசிப்பில் நாட்டம் குறைவு” என்று எழுதிக் கையொப்பமும் இட்டார்.

மறு ஆண்டில் ஒருநாள் அச்சிறுவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். மகனுக்கு ஆஸ்துமா இருப்பதாக மருந்தகத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்றும், மூச்சுக்குழாய் மருந்து பையில் இருக்கும் என்றும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ள விடவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். போகும்போது தயங்கித் தயங்கி, “ஐயா, செவ்வாய்க்கிழமை வந்தாலே இவனுக்கு இராத்திரி இருமல் கூடுது. ஏன் என்றுதான் தெரியவில்லை” என்றார்.

செவ்வாய்க்கிழமை! ஆசிரியர் அன்று மாலை வீட்டுக்குப் போகவில்லை. ஆளரவமற்ற நூல்நிலையத்தில் விளக்கைப் போட்டு, மூலையில் எழுந்து நின்ற கறையைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருந்தார். சிறுவனின் மூச்சு ஓராண்டாகச் சொல்லிவந்த செய்தியைச் சுவரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. இரண்டையும் படிக்கத் தவறியவர் வாசிப்புக்குப் பொறுப்பான ஆசிரியர்.

பூஞ்சணம் இயற்கையின் பகையன்று. காட்டில் உதிர்ந்த இலையையும் வீழ்ந்த மரத்தையும் மட்கச் செய்து மண்ணுக்கு உரமாக்குவது அதன் தொழில். இரவுச் சந்தையில் வாழையிலையில் பொதிந்து விற்கும் தெம்பே, சோயா மொச்சையின் மேல் பூஞ்சணம் படர்ந்து இழையால் பிணைத்த உணவுதான். 1928-இல் இலண்டன் மருத்துவமனை ஒன்றில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத் தட்டில் தற்செயலாக வந்து விழுந்த பூஞ்சணமே பெனிசிலின் என்னும் அருமருந்துக்கு வழிகாட்டியது. ஆக, அதன் இடத்தில் அது இருக்கும்வரை நன்மையே. வகுப்பறைச் சுவர் அதன் இடமன்று.

அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. மயிரிழையின் பருமனில் ஒரு சிறு பங்கேயுள்ள அவற்றை எந்தக் கதவும் தடுக்க இயலாது. வித்து முளைக்க உணவும் இதமான வெப்பமும் ஈரமும் வேண்டும். தாள், மரம், அட்டை, வண்ணப்பூச்சு, தூசு ஆகிய யாவும் அதற்கு உணவு. மலேசியாவின் வெப்பமோ ஆண்டு முழுவதும் அதற்கு உகந்தது. எஞ்சியிருப்பது ஈரம் ஒன்றே. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிப்பதில்லை. அதற்குமேல் ஈரம் தங்கினால் வித்து வேர்விட்டது போல இழைவிடும். எனவே மனிதன் கட்டுப்படுத்தக்கூடியது வித்தையன்று, உணவையன்று, நீரை மட்டுமே. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் மூச்சுக் கோளாறுகளும் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டி, ஈரத்தைத் தடுப்பதையே தலையாய வழியாகக் கூறுகிறது.

அறிவியல் ஆசிரியராகிய அவருக்கு இவையெல்லாம் புதியன அல்ல. ஆண்டுதோறும் இரண்டு ரொட்டித் துண்டுகளை இரண்டு பைகளில் இட்டு, ஒன்றில் நீர் தெளித்து, மற்றொன்றை உலர்த்தி, இறுக மூடி ஒட்டி, மாணவர்க்குக் காட்டியவர்தான் அவர். பையைத் திறக்கக்கூடாது என்று எச்சரிக்கவும் தவறியதில்லை. பைக்குள் கற்பித்ததை அறைக்குள் பொருத்திப் பார்க்கவில்லை என்பதுதான் அவரை வருத்தியது.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் முறையை அவர் பல தலைமுறை மாணவர்க்கு விளக்கியிருக்கிறார். பிணி இன்னது என்று தெளிதல் முதல் படி. அது தோன்றிய காரணத்தைக் காணல் இரண்டாம் படி. தணிக்கும் வழி அதன் பிறகே. அன்றிரவு அந்தப் படிகளிலேயே அவர் இறங்கினார்.

முதலில், சுவரில் இருப்பது பூஞ்சணந்தானா என்று அறிய வேண்டும். சுவரில் தோன்றும் வெண்மை எல்லாம் பூஞ்சணமன்று. சிமெண்டிலும் செங்கல்லிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு வெளியே வந்து காய்ந்து வெண்பொடியாகப் படிவதுண்டு. அது விரலில் பொடியாகும். நீர் தெளித்தால் கரையும். பூஞ்சணம் நீரில் கரையாது. கறுப்புப் படிவு வெறும் அழுக்காகவும் இருக்கலாம். கையுறை அணிந்து, வெளுப்பு நீரில் ஒரு சொட்டை அதன்மேல் வைத்தார் ஆசிரியர். ஓரிரு நிமிடங்களில் கறை வெளிறியது. அழுக்காயின் நிறம் மாறியிருக்காது. நிறத்தைக் கொண்டு பூஞ்சணத்தின் வகையையோ நச்சுத்தன்மையையோ சொல்ல முடியாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். கறுப்பானதெல்லாம் கொடியதுமன்று, வெளிறியதெல்லாம் நல்லதுமன்று. எவ்வகையாயினும் அகற்ற வேண்டியதே. ஆதலால் வகை காண்பதற்கெனப் பணம் செலவிடுவதினும் நீரின் வழியைக் காண்பதே அறிவுடைமை.

இரண்டாம் படி எளிதாக இல்லை. மறுநாள் பிற்பகல் மழை பிடித்துக்கொண்டதும், குடையுடன் வெளியே போய்ச் சுவரருகே நின்றார். பள்ளிக் காவலர் அவரை விநோதமாகப் பார்த்தார். பெரிய மரத்தின் இலைகள் கூரையோரத் தகரக் கால்வாயை அடைத்திருந்தன. நீர் அதில் ஓட வழியின்றி நிரம்பி, உள்விளிம்பு வழியாக வழிந்து, சுவரிலும் உட்கூரைப் பலகையிலும் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கு குழாயின் அடிப்பகுதி உடைந்து, நீரைச் சுவரின் அடியிலேயே கொட்டியது. வெளிச்சுவரின் கறை எங்கே இருந்ததோ அங்கேதான் நீர் வழிந்தது. புதிர் அவிழ்ந்தது போலிருந்தது.

ஆயினும் பாதிதான் அவிழ்ந்தது. உட்சுவரில் இருந்த சாம்பல் புள்ளிகளுக்குக் காரணம் என்ன? அச்சுவருக்கு மறுபுறம் கணினி அறை. அங்கே மழை படவில்லை, குழாய் இல்லை, கூரை ஒழுகவில்லை. சிறுவன் வழக்கமாக அமர்ந்ததோ அந்த உட்சுவரை ஒட்டிய நாற்காலியில். மூன்று நாள் அவர் இதையே எண்ணிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் நண்பகலில், நூல் அடுக்க வந்தவர் தற்செயலாக அச்சுவரில் கை ஊன்றினார். கை சில்லிட்டது!

கணினி அறையின் குளிர்சாதனம் 18 பாகைக்கு வைக்கப்பட்டிருந்தது. அதன் குளிர்காற்று நேரே இந்தச் சுவரின்மேல் வீசியது. நூல்நிலையப் பக்கத்திலோ 30 பாகை வெப்பம். காற்றில் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம். அத்தகைய காற்று 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் அதன்மேல் நீர் அரும்பும். பனிக்கட்டி இட்ட தேநீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைக் காணாத மலேசியர் யார்? அந்தக் குவளையாகவே சுவர் மாறியிருந்தது. போதாக்குறைக்கு, இரும்பு அலமாரி ஒன்று சுவரோடு சுவராக நெருக்கி வைக்கப்பட்டிருந்ததால் அதன் பின்னே காற்றுக்கு வழியே இல்லை. அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்புறத்தில் கறை ஒரு பெரிய நிலப்படம் போல் விரிந்திருந்தது.

இதற்குள் பள்ளியில் செய்தி பரவிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் செயல்வீரர். நல்ல உள்ளம் படைத்தவர். வரும் சனிக்கிழமையே கூட்டுப்பணி வைத்து, பெற்றோரும் மாணவருமாகச் சேர்ந்து அறையைக் கழுவி வண்ணம் பூசிவிடலாம் என்றார். வண்ணத்தின் செலவைத் தாமே ஏற்பதாகவும் கூறினார். தலைமையாசிரியையும் மகிழ்ந்தார். ஆசிரியர் மட்டும், “ஒரு மாதம் பொறுங்கள். மாணவர் யாரும் அந்த அறைக்குள் வேண்டாம்” என்றார்.

தலைவருக்கு மனம் நொந்தது. “ஐயா, நாங்கள் படித்த காலத்தில் பலகைச் சுவர், தகரக் கூரை. பூசணத்தோடுதான் வளர்ந்தோம். எங்களுக்கு என்ன ஆகிவிட்டது? பிள்ளைகள் கையால் பள்ளியைத் துப்புரவு செய்தால் பற்றுதல் வளராதா?” என்று கேட்டார்.

அக்கேள்வியில் நியாயம் இருந்தது. தோட்டப் பள்ளிகளை எழுப்பிக் காத்தவர்கள் அத்தகைய கைகள்தாம். ஆசிரியர் பொறுமையோடு விடையிறுத்தார். “அந்தப் பலகைச் சுவரில் இடுக்கு இருந்தது, தலைவரே. ஈரம் வந்த வழியே போய்விட்டது. நாம் கல் சுவர் வைத்தோம், சன்னலை அடைத்தோம், பக்கத்து அறையைக் குளிரூட்டினோம். இப்போது வந்த ஈரம் போக வழியில்லை. போன முறை உலர்ந்த துடைப்பத்தால் தேய்த்தவன் நான்தான். சுவரில் இருந்ததை அறை முழுவதும் காற்றில் பரப்பினேன். மேலே வண்ணம் பூசி மறைத்தேன். ஒரு பிள்ளை அதை ஓர் ஆண்டு மூச்சில் வாங்கியிருக்கிறான்.”

தலைவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கால்வாயை நாளைக்கே சுத்தம் செய்ய ஆள் அனுப்புகிறேன், ஐயா” என்றார்.

வேலை அந்த வரிசையில்தான் நடந்தது. கூரையோரக் கால்வாயின் அடைப்பு நீக்கப்பட்டது. இறங்கு குழாய் மாற்றப்பட்டு, நீர் சுவரை விட்டு விலகிச் சாக்கடையில் சேருமாறு அமைக்கப்பட்டது. மரக்கிளைகள் தறிக்கப்பட்டன. கணினி அறையின் குளிர்சாதனம் 25 பாகைக்கு உயர்த்தப்பட்டது; அதன் காற்று சுவரில் படாதவாறு திருப்பப்பட்டது. மலேசியத் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நடைமுறைக் கோவை, ஒப்பு ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருப்பதே தக்கது என்கிறது. அதைக் கண்காணிக்கக் கணினி அறையில் ஓர் ஈரப்பதமானி மாட்டப்பட்டது. நூல்நிலையத்தில் குளிர்சாதனம் இல்லை. அங்கே வெளிக்காற்றின் ஈரத்தைக் குறைக்க இயலாது. ஆதலால் அடைத்திருந்த சன்னல்கள் திறக்கப்பட்டன. அலமாரிகள் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டன. காற்று உலவினால் சுவரில் ஈரம் தங்காது.

நீர் நின்ற பிறகே துப்புரவு தொடங்கியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-இல் பள்ளிகளையும் வணிகக் கட்டடங்களையும் கருத்திற்கொண்டு வெளியிட்ட வழிகாட்டி ஒன்று உண்டு. பூஞ்சணம் பிடித்த பரப்பை அது மூன்றாகப் பிரிக்கிறது: 10 சதுர அடிக்கு உட்பட்டது சிறிது, 10 முதல் 100 சதுர அடிவரை நடுத்தரம், 100 சதுர அடிக்கு மேற்பட்டது பெரிது. சிறியதைத் தக்க காப்புடன் பள்ளிப் பணியாளரே அகற்றலாம். பரப்பு பெருகப் பெருகப் பயிற்சி பெற்றவரும், அறையைத் தனிமைப்படுத்தும் ஏற்பாடும் வேண்டும். ஆசிரியர் அளவுகோலால் அளந்தார். அலமாரிக்குப் பின்னிருந்த கறை 10 அடிக்குச் சற்றுக் குறைவு. வெளிச்சுவரும் உட்கூரையும் சேர்ந்து அதைப்போல் பன்மடங்கு. மேலும், பழைய கட்டடங்களின் உட்கூரைப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை உடைத்தாலோ சுரண்டினாலோ எழும் தூசு பூஞ்சணத்தினும் கொடியது. எனவே, அந்தப் பகுதி சோதித்துப் பார்த்து அகற்றத் தெரிந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

உட்சுவரை ஆசிரியரும், சங்கத் தலைவரும், பள்ளிப் பணியாளர் ஒருவரும் ஏற்றனர். மூவரும் என்95 முகக்கவசமும் கையுறையும் கண்காப்பும் அணிந்தனர். வாயிலில் நெகிழித்தாள் தொங்கவிட்டனர். விசிறியை நிறுத்தினர். துடைப்பத்தைத் தொடவில்லை. சலவைத்தூள் கரைத்த நீரில் துணியை நனைத்து, மேலிருந்து கீழாக மெல்லத் துடைத்து, அழுக்கான துணியைப் பைக்குள் இட்டுக் கட்டி, புதிய துணியை எடுத்தனர். வெளுப்பு நீர் ஊற்றிக் கொன்றுவிடலாமே என்று பணியாளர் கேட்டார். செத்த வித்தும் ஒவ்வாமையைத் தூண்டும். ஆகவே கொல்லுவதைவிட அகற்றுவதே தேவை என்று ஆசிரியர் விளக்கினார். வெளுப்பு நீரைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடோ அம்மோனியா கலந்த திரவத்தோடோ ஒருபோதும் சேர்க்கலாகாது, நச்சுவாயு எழும் என்றும் எச்சரித்தார். துடைத்து முடித்தபின் சன்னல்களைத் திறந்து சுவரை உலரவிட்டனர்.

நூல்களைப் பிரிப்பதுதான் நெஞ்சைச் சுட்டது. ஆசிரியர் அவற்றை மூன்று அடுக்காக வைத்தார். கறையில்லாதவை ஒருபுறம். மேலட்டையில் மட்டும் பூத்து, உலர்ந்திருந்தவை மற்றொருபுறம். அவற்றை அறைக்கு வெளியே, ஆளில்லாத இடத்தில், காற்று தம்மைவிட்டு விலகி வீசும் திசையில் நின்று, மென்தூரிகையால் ஒவ்வொன்றாகத் துலக்கினார். மூன்றாம் அடுக்கு மக்கியவை. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியவை. அவற்றுள் அவரே முதற்சம்பளத்தில் வாங்கி அன்பளிப்பாகத் தந்த கதைநூல் ஒன்றும் இருந்தது. முதற்பக்கத்தில் இளவயதில் அவர் இட்ட கையொப்பம் கறைக்குள் மங்கிப் போயிருந்தது. சற்று நேரம் அதைக் கையில் வைத்திருந்தார். பிறகு மற்றவற்றோடு பையிலிட்டு முடிந்தார். ஒரு நூலுக்காக ஓர் அறையை மீண்டும் கெடுக்கலாகாது.

வண்ணம் மட்டும் உடனே பூசப்படவில்லை. ஒரு மாதம் சுவர் வெறுமையாகவே நின்றது. பெருமழை பலமுறை வந்து போயிற்று. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஆசிரியர் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தார். “என்ன ஐயா, சுவருக்குக் காய்ச்சலா?” என்று மாணவர் கேலி பேசினர். ஈரம் திரும்பவில்லை என்று தெளிந்தபின்தான் சங்கத் தலைவரின் வண்ணம் சுவரேறியது. கூட்டுப்பணியும் நடந்தது. பிள்ளைகள் நூல்களை அடுக்கினர், அட்டை போட்டனர், எண் ஒட்டினர். தலைவர் விரும்பிய பற்றுதல் அதில் வளர்ந்தது.

அச்சிறுவன் இப்போது நூல்நிலையத்திற்கு வருகிறான். முன்போல் தும்முவதில்லை. ஆஸ்துமா அவனை விட்டு நீங்கிவிடவில்லை. மருந்து பையிலேயே இருக்கிறது. சிகிச்சையாலும் அவன் தேறியிருக்கலாம், வளர்ச்சியாலும் தேறியிருக்கலாம். எல்லாம் சுவரின் செயல் என்று சொல்ல ஆசிரியர் துணியவில்லை. ஆனால், செவ்வாய்க்கிழமை இரவுகளில் மகன் உறங்குகிறான் என்று அத்தாய் சொன்னபோது அவர் தலை தாழ்ந்தது.

ஒருநாள் வேளை முடிந்து மணி அடித்த பின்னும் அவன் எழவில்லை. “பாதிதான் முடிந்தது, ஐயா. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா?” என்று கேட்டான். ஆசிரியர் பதிவேட்டில் நூலின் எண்ணை எழுதிக் கொடுத்தனுப்பினார். அதன்பின், கோப்புகளிலிருந்து 2022-ஆம் ஆண்டு அறிக்கையின் படியைத் தேடி எடுத்தார். தம் கையெழுத்து அங்கே தெளிவாக இருந்தது. அதை அடிக்கவோ அழிக்கவோ அவருக்கு உரிமையில்லை. கறையின் மேல் வண்ணம் பூசுவது போலாகும் அது. எனவே, அவ்வரியின் கீழே நாளிட்டுப் புதியதொரு வரி எழுதினார்: “மேற்கண்ட குறிப்பு தவறு. அறையில் குறை இருந்தது, மாணவனிடம் இல்லை.”

மாணவன் ஒருவன் ஓயாமல் இருமினால், ஓரிடத்தில் மட்டும் சோர்ந்தால், அவனைக் கடிவதற்குமுன் அவன் அமர்ந்திருக்கும் சுவரைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு ஓர் உள்ளங்கை போதும். இன்றும் மழை ஓய்ந்த மாலைகளில் அந்தப் பள்ளியின் மூலையில் ஓர் ஆசிரியர் சுவரில் கை வைத்து நிற்பதைக் காணலாம்.